முன் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒட்டன்சத்திரத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு வரும் பழைய ஸ்ப்ளெண்டர்களில் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பின் பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு தெரியும். முன் பிரேக் ஷூ போட்ட மேனிக்கு அப்படியே இருக்கும், கேபிள் மட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். கேட்டால், "முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிரும்ணே, எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு" என்பார்கள்.

வண்டி பழக்கும்போது வீட்டில் சொன்ன ஒரு வார்த்தை இருபது வருஷம் கையில் நிற்கிறது. அதனால் போன வருஷம் ஆனி மாதம் அக்கா மகள் வந்து, "மாமா, ஸ்கூட்டி வேணாம், எனக்கு பைக்கே பழக்கி விடுங்க" என்றபோது அவசரப்படாமல்தான் ஆரம்பித்தேன். அவளுக்குப் பழக்கிய வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கைக்கு வந்த பிறகுதான் சாவி கொடுத்தேன். பதினாறில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. எக்ஸ்.எல். 100கூட அந்தக் கணக்கில் வராது. 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, சின்னப் பிள்ளை ஓட்டிச் சிக்கினால் பெற்றவர் அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு (ஆர்.சி.) ஒரு வருஷத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெருவுக்குள்தானே என்று சாவியைத் தூக்கிக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டியை மாட்டிய பிறகு, பின்பக்கம் கை வைத்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது அந்தத் தலைக்கானது இல்லை. பெண் பிள்ளையாக இருந்தால் கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்ட விடாதீர்கள், அது உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தாழ்வாகப் பின்னிக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பட்டாவின் இரண்டு முனையையும் இடுப்பில் இறுகக் கட்ட வேண்டும். காலில் ஷூ.

இடம் முக்கியம். மண் பொட்டலில் பழக்காதீர்கள், பிரேக் பழக அது ஆகாது. ஊருக்கு வெளியே மனை போட்டு இன்னும் வீடு கட்டாத லேஅவுட் ஒன்றுக்குப் போனோம். தார் ரோடு உண்டு, வண்டி நடமாட்டம் இல்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை.

முதல் நாள் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. நியூட்ரலில் போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடியே தள்ளச் சொன்னேன். நான் "நில்லு" என்றதும் வலது கையால் முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நாலைந்து தடவை ஆனதும் முன் போர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாயை, கவனிக்கச் சொன்னேன். பிடிக்கும்போதெல்லாம் அது அமுங்கியது.

"பாத்தியா தாயி, பிரேக் புடிச்சா வண்டியோட கனமெல்லாம் முன்னால வந்து உக்காருது. கனம் எங்க இருக்கோ அந்த டயர்தான் ரோட்டைக் கவ்வும். அந்த நேரத்துல பின் சக்கரம் லேசாயிருது, அதை மட்டும் மிதிச்சா இழுத்துக்கிட்டே போகும்."

"அப்ப எல்லாரும் விழுறாங்கன்னு சொல்றது?"

விழுவது உண்மைதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால் விழுவோம். மணலிலும் ஜல்லியிலும் இறுக்கினால் விழுவோம். பதற்றத்தில் வெடுக்கென்று பிடித்தாலும் விழுவோம். அதனால் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிடிக்கப் பழக்கினேன், முதலில் மெல்ல, பிறகு அழுத்தி. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், ஏறி ஓட்டும்போது வலது காலும் கூடவே பின் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். அன்று ஒரு மணி நேரமும் இது மட்டும்தான். அவளுக்குச் சலிப்பாக இருந்தது, இருந்தாலும் நான் விடவில்லை.

இரண்டாம் நாள் க்ளட்ச். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், க்ளட்ச்சை மட்டும் மயிரிழையாய் விட்டு வண்டியை நகர்த்த வேண்டும். கவ்வும் இடம் எது என்று விரலுக்கே தெரியும் வரை முப்பது தடவையாவது செய்தாள். இதோடு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டர் பிடிக்கும் மணிக்கட்டு கீழே தொங்கக் கூடாது, தொங்கினால் உடம்பு பின்னால் சாயும்போது கை தானாகத் திருகிவிடும். பயம் வந்தால் முதலில் க்ளட்ச்சை முழுசாகப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் புதருக்குள்ளிருந்து ஒரு நாய் பாய்ந்தது. பதறி ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டாள், ஆனால் இடது கை க்ளட்ச்சைப் பிடித்திருந்தது. இன்ஜின் அலறியது, வண்டி பாயவில்லை.

கியருக்கு அதிக நேரம் வேண்டாம். ஸ்ப்ளெண்டரில் நாலும் முன்னால் மிதிப்பது. பல்சர் மாதிரி வண்டிகளில் ஒன்று கீழே, மற்றது மேலே. பழகி முடியும் வரை வண்டியை மாற்றாதீர்கள், கால் குழம்பிவிடும்.

பிறகு செங்கல் ஒன்றை ரோட்டோரம் வைத்தேன். முப்பதில் வந்து, செங்கல்லைத் தொடும் இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். பின் பிரேக் மட்டும் போட்டபோது நின்ற இடத்தை அவளே எட்டு வைத்து அளந்தாள், 14 எட்டு. இரண்டும் பிடித்தபோது 9. நான் பேசியதைவிட அந்த ஐந்து எட்டுதான் அவளுக்குப் புரிய வைத்தது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும், அதையும் இருபதிலும் நாற்பதிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் டெஸ்டில் 8 வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், அந்த எட்டு போடுவதற்குச் சுண்ணாம்பில் கோடு போட்டேன். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்ற வேண்டியதுதான். அந்த மெதுவான திருப்பத்தில் முன் பிரேக் வேண்டாம். ஆஃப் க்ளட்ச்சும் (பாதி பிடித்த க்ளட்ச்) பின் பிரேக்கும் போதும்.

மூன்றாவது வாரம்தான் மெயின் ரோடு. முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு, பின்னால் லைசென்ஸ் உள்ள நான். எல்.எல்.ஆரில் தோழியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. "பஸ்ஸோட சைடு கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலேன்னா, நீயும் அவருக்குத் தெரியல" என்றேன். நின்ற பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையக் கூடாது, ஆள் இறங்குவார்கள். ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல் நேராகப் போக வேண்டும். மழை தொடங்கிய முதல் சில நிமிஷம் ஓரமாக நின்றுவிடுவது நல்லது, தூசியும் ஆயிலும் கலந்து வழுக்கும். நாற்பதில் போனால் ஒரு வினாடிக்கு 11 மீட்டர், போனை இரண்டு வினாடி பார்த்தால் இரண்டு பஸ் நீளம் கண்ணை மூடி ஓட்டியது போல.

இரவில் ஓட்ட ஆறு மாதம் விடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் ரோட்டோரமாகவே நடப்பார்கள், எதிர் லைட் அடித்தால் பழகிய எனக்கே அவர்களைத் தெரியாது.

எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழிந்த பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கால் ஊன்றாமல் எட்டு போட்டாள். போன வாரம் அவள் வண்டி சர்வீஸுக்கு வந்தது. இரண்டு டிரம்மையும் நானே திறந்தேன். முன் ஷூவும் பின் ஷூவும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன.