பழைய பியானோப் பிரதிகளில் தாளக் கணக்குப் பிழைகளை இனங்காண்பது எப்படி?

ஒரு பாரின் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அலகின்) கணக்குச் சரிவரவில்லை என்றதும் பென்சிலை எடுத்துத் திருத்திவிடக் கூடாது. அந்தக் குறைக்குத் தாளில் ஏற்பட்ட பழுது, அச்சுத் தகட்டைச் செதுக்கியவரின் தவறு, இசையமைப்பாளரின் எழுத்துவழக்கம் ஆகிய மூன்றில் ஏதாவதொன்று காரணமாக இருக்கலாம். இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டு வருவதே பாதுகாப்பான முறை.

தாளிலிருந்து தொடங்குவோம். திருகோணமலையின் உப்புக் காற்றிலும் மாரிகால ஈரத்திலும் பல்லாண்டுகள் கிடந்த இசைப் புத்தகங்களில் பழுப்புப் புள்ளிகள் படிவது வழக்கம். அவற்றைக் கருப்பு வெள்ளையில் நிழற்பிரதி எடுத்தால் கறைப்புள்ளிக்கும் அச்சுப்புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. இணையத்திலிருந்து இறக்கிக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்த பக்கங்களிலோ மெல்லிய புள்ளிகள் விடுபட்டுப் போகின்றன. இங்கே கைகொடுப்பது ஒரு எளிய விதி: சுரத்தை நீட்டும் புள்ளி சுரத்தலைக்கு வலப்பக்கம், கோட்டு இடைவெளியின் நடுவில் நிற்கும், சுரம் கோட்டின் மேல் இருந்தால் புள்ளி பொதுவாக அதற்கு மேலுள்ள இடைவெளியில் வைக்கப்படும். கோட்டின் மேலேயே படிந்திருக்கும் புள்ளியையும், அதே பக்கத்திலுள்ள ஏனைய புள்ளிகளைவிடப் பெரிதாகவோ ஒழுங்கற்றோ தெரியும் புள்ளியையும் ஐயத்துடன் பாருங்கள். ஐயம் தீராவிட்டால் மூலக்கோப்பைத் திரையில் பெருப்பித்துப் பார்ப்பதே வழி.

அடுத்தது பாரிலுள்ள சுரங்களின் கால அளவைக் கூட்டல். ஒவ்வொரு குரல்வரியையும் (சேர்ந்து ஒலிக்கும் மெட்டுகளில் ஒவ்வொன்றையும்) தனித்தனியாகக் கூட்ட வேண்டும்; மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையே வரும் உட்குரல்களுக்குரிய ஓய்வுக்குறிகளைப் பழைய பதிப்புகள் பல இடங்களில் எழுதாமலே விட்டுவிடும் என்பதால், அங்கே வரும் குறைவு பிழையாகாது. பாட்டின் தொடக்கத்தில் அரைகுறைப் பார் இருந்தால் இறுதிப் பார் அதற்கு ஈடாகக் குறைந்திருப்பதும் இயல்பே.

இனித் தகட்டைச் செதுக்கியவரின் தவறுகளுக்கு வருவோம். ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய தகட்டில், எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, குறி குறியாக அடித்துப் பதித்த வேலை அது. விடுபட்ட புள்ளியும், பீமில் (சுரத்தண்டுகளை இணைக்கும் தடித்த கோடுகளில்) கூடிப்போன அல்லது குறைந்துபோன ஒரு கோடும், எழுதப்படாத ட்ரிப்லெட் (இரண்டு சுரங்களின் நேரத்தில் வாசிக்கும் மூன்று சுரங்கள்) எண்ணுமே அதில் அடிக்கடி நேரும் வழுக்கள். எடுத்துக்காட்டாக, பாருக்கு மூன்று அடி கொண்ட 3/4 தாளத்தில் ஒரு பாரில் கிரொட்செட் (ஒரு அடி), குவேவர் (அரை அடி), கிரொட்செட் என்று மட்டும் இருந்தால் அரை அடி குறைகிறது. முதற் சுரத்துக்குரிய புள்ளி விடுபட்டிருக்கலாம். எங்கோ ஒரு குவேவர் ஓய்வுக்குறியும் விடுபட்டிருக்கலாம். இடக்கையின் குவேவர்களோடு அந்த வலக்கைக் குவேவர் எந்த இடத்தில் நேர்க்கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். அதன்பின் அதே மெட்டு திரும்பி வரும் இடத்தைத் தேடி ஒப்பிடுங்கள். ஆயினும் மெட்டு திரும்பும்போது வேண்டுமென்றே மாற்றி எழுதுவது இசையமைப்பாளர்களுக்குப் பிடித்தமான செயல் என்பதால், கணக்குச் சரியாக வரும் பாரை ஒப்புமைக்காக ஒருபோதும் மாற்ற வேண்டாம்.

இசையமைப்பாளரின் எழுத்துவழக்கமே மூன்றிலும் கடினமானது. பதிப்பாசிரியர்கள் பலரும் தவறிய இடமும் இதுதான். பீத்தோவனின் ஓப்பஸ் (படைப்பு எண்) 111 சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில், இரண்டாவது மாறுபாட்டின் (மூல மெட்டை மாற்றி எழுதிய பகுதியின்) தாளக்குறி 6/16, அதாவது பாருக்கு ஆறு செமிகுவேவர். ஆனால் ஒரு பாரில் ஒரு செமிகுவேவரும் (1/16) ஒரு டெமிசெமிகுவேவரும் (1/32) கொண்ட சோடிகள் ஆறு உள்ளன; ஒரு சோடி 3/32, ஆறு சோடிகள் 18/32, அதாவது 9/16. அடுத்த மாறுபாட்டின் தாளக்குறி 12/32. அங்கே அவற்றில் பாதியளவான சோடிகள் பன்னிரண்டு வந்து மீண்டும் 9/16 ஆகின்றன. இரண்டு இடத்திலும் முரண்பாடு ஒரே விதமாக இருப்பதால் இது கைத்தவறு அன்று. ஒவ்வொரு சோடியையும் ஓர் அலகாக எண்ணி, ட்ரிப்லெட் குறியை எழுதாமல் விட்டிருக்கிறார். தாளக்குறியை 9/16 என்று “திருத்தினால்”, அடி முதலில் இரண்டாகவும் பிறகு நான்காகவும் பிளக்கும் வளர்ச்சி கண்ணுக்கு மறைந்துவிடும்.

சில வேளைகளில் கூட்டல் சரியாக இருந்தும், சுரங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும் இடம் கேள்வியை எழுப்பும். 1839இல் வெளிவந்த ஷோப்பானின் ஓப்பஸ் 28, 9ஆம் பிரலூட்டில் (சிறு பியானோப் பாடத்தில்), புள்ளியிட்ட குவேவரை அடுத்து வரும் செமிகுவேவரை அவர் தம் கையெழுத்துப் பிரதியில் ட்ரிப்லெட்டின் மூன்றாம் சுரத்தோடு நேராக எழுதினார். அச்சிட்டவர்களோ கணக்குப்படி அதைச் சற்றுத் தள்ளி வைத்தனர். பழைய ஆசான்களும் இதில் ஒருமித்தவர்கள் அல்லர்: புல்லாங்குழல் ஆசான் குவான்ட்ஸ் 1752இல் அந்தச் சிறு சுரம் ட்ரிப்லெட்டுக்குப் பின்னரே வர வேண்டும் என்றார், யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மகன் சி. பி. இ. பாக் 1753இல் இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதற் பகுதியில் செமிகுவேவரைப் பின்னரே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய மாணவர் செர்னியின் அறிவுரை. ஆகவே ஒரே விதியை எல்லோருக்கும் பொருத்துவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. ஷோப்பானுக்கு ஷோப்பானின் கையெழுத்தே சான்று.

பார்க்கோட்டையும் நம்பிவிட வேண்டாம். ஷூபர்ட் இறந்து 29 ஆண்டுகளின் பின், 1857இல் ஹாஸ்லிங்கர் நிறுவனம் ஓப்பஸ் 90இன் மூன்றாம் இம்ப்ராம்ப்டுவை (சிறு பியானோப் பாடத்தை) அச்சிட்டபோது சுருதியை ஜி மேஜருக்கு மாற்றியதோடு, நீண்ட பார்களை இரண்டிரண்டாகவும் வெட்டியது. அந்தப் பதிப்பின் வழிவந்த பிரதியில் பார் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஷூபர்ட் கேளாத இடத்தில் அழுத்தமும் விழும்.

முடிவுக்கு வந்தபின் அச்சுக்குறியை அழிக்காமல், சேர்ப்பதைப் பென்சிலால் சதுர அடைப்புக்குள் இடுங்கள். ஓரத்தில் பார் எண்ணையும், எந்தப் பதிப்பையோ கையெழுத்துப் பிரதியையோ பார்த்து முடிவெடுத்தீர்கள் என்பதையும், பக்கத்தின் அடியில் காணப்படும் தகட்டு எண்ணையும் (அச்சுத் தகட்டை அடையாளம் காட்டும் எண்ணை) குறித்துவையுங்கள். ஒரே தகட்டிலிருந்து திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபடக்கூடும் என்பதால், இரண்டு மாணவர் ஒரே பதிப்பை வைத்திருந்தாலும் ஐயத்துக்குரிய பாரை இரு பிரதிகளிலும் பார்த்துவிடுவது நல்லது.