ஒரே நாள், பல ஊர்ப் போராட்டம்: கூட்டத்தைக் கணக்கிடும் முறை

2019 ஜூன் 16 அன்று ஹாங்காங்கில் நடந்த பேரணியில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். போலீஸ் சொன்னது 3,38,000. போலீஸ் எண்ணியது அறிவித்த பாதையில், உச்ச நேரத்தில் இருந்தவர்களை மட்டும். ஏற்பாட்டாளர்கள் சொன்னது நாள் முழுக்க வந்துபோனவர்களை. எனவே உச்சக் கூட்டமா, மொத்த வருகையா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ஊருக்கு ஊர் இதை மாற்றினால் கூட்டல் செல்லாது.

நின்ற கூட்டத்துக்குப் பரப்பளவை நெருக்கத்தால் பெருக்க வேண்டும். 1960களில் பெர்க்லியில் இதழியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் கொடுத்த அளவுகள் இன்றும் கைகொடுக்கின்றன: தளர்வாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் 4.5, நெருக்கியடித்தால் 2.5. சதுர மீட்டர் கணக்கில் சுமார் 1, 2.4, 4.3 பேர்.

நெருக்கம் எங்கும் ஒன்றாக இருக்காது. 400 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள சாலையைப் பாருங்கள். மேடைப் பக்கம் 80 மீட்டர்: 1,200 சதுர மீட்டர். மேடைக்கும் வண்டிகளுக்கும் 200 கழித்தால் 1,000. சதுர மீட்டருக்கு 3 பேர் வீதம் 3,000. நடுவில் 200 மீட்டர், 2 பேர் வீதம் 6,000. வால்பகுதி 120 மீட்டர், அரை ஆள் வீதம் 900. மொத்தம் 9,900. மேடைப்பக்க நெருக்கத்தையே சாலை முழுக்கப் போட்டிருந்தால் 17,000 தாண்டியிருக்கும். பெரும்பாலான ஊதிப்போன எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

தலை மட்டத்தில் எடுத்த படத்தை நெருக்கம் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். முன்வரிசைத் தலைகள் பின்னாலுள்ள வெற்றிடத்தை மறைத்துவிடும். மாடியிலிருந்தோ டிரோனிலிருந்தோ எடுத்த, நேரம் தெரிந்த படம் வேண்டும். மரநிழலில் நிற்பவர்கள் மேலிருந்து தெரியமாட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நகரும் ஊர்வலத்தில் பரப்பளவு உதவாது. ஒரு இடத்தில் கோடு வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 நிமிடம் எண்ணுங்கள். சராசரி 180 பேர், ஊர்வலம் கடக்க 50 நிமிடம் என்றால் 9,000. வழியில் சேர்பவர், கழன்றுகொள்பவர் உண்டு. இரண்டாவது கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணைச் சோதிக்க ஒரு வழி: ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேருக்கு மேல் நடந்து கடக்க முடியாது. 10 மீட்டர் சாலையில் இரண்டு மணி நேரத்தில் இரண்டு லட்சம் பேர் போனார்கள் என்றால் நம்பாதீர்கள், உச்சவரம்பே 96,000.

நாடு முழுமைக்கும் கூட்டும்போது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி: குறைந்த எண், கூடிய எண், நேரம், சொன்னவர் யார். மொத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாலைந்து பெருநகரங்கள்தான். அங்கே 20 சதவீதம் தவறினால் நூறு சிற்றூர்களைச் சரியாக எண்ணியும் பயனில்லை. உழைப்பை அங்கே போடுங்கள். "நூற்றுக்கணக்கானோர்" என்று மட்டும் செய்தி வந்தால் குறைந்த எண்ணில் 200 போதும். தகவலே வராத ஊருக்குக் குறைந்த எண்ணில் பூஜ்யம், கூடிய எண்ணில் அதே அளவுள்ள ஊர்களின் நடு எண் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது). காலையில் ஒரு திடல், மாலையில் அதே ஊரில் இன்னொரு திடல் என்றால் இரண்டையும் கூட்டாதீர்கள், பெரியதை எடுங்கள்.

குறைந்தவை தனியாக, கூடியவை தனியாகக் கூட்டுங்கள். இடைவெளி அகலமாக வரும், வரட்டும். 47,312 என்று ஒற்றை எண்ணாக எழுதினால், யாரோ உட்கார்ந்து தலை தலையாக எண்ணியதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.