யோகா சொல்லித் தரக் கிளம்புகிறீர்களா? நான் பண்ணின தப்புகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில் ஏழு வருடமாகக் காலை ஐந்தரைக்கு யோகா வகுப்பு எடுக்கிறேன். "நீங்க எப்படி இதுக்கு வந்தீங்க?" என்று கேட்காத ஆளே கிடையாது. நானும் சளைக்காமல் சொல்வேன்: ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதி எழுதி இடுப்பு போனது, யாரோ சொல்லி யோகாவுக்குப் போனேன், ஆறு மாதத்தில் வலி விட்டது, அப்புறம் கோர்ஸ் படித்து நானே சொல்லித் தர ஆரம்பித்துவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் நான் பண்ணின தப்புகளில் பாதி இந்தக் கதையிலிருந்து வந்தவை. அதனால் இப்போது யாராவது யோகா டீச்சர் ஆகப் போகிறேன் என்று வந்து நின்றால் எந்த வழியாக வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதைச் சொன்னாலே எங்கே சறுக்குவார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் மூன்று வழி. உடற்கல்வி படித்துவிட்டு வருகிறவர்கள், வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றத்தில் பழகி ஆசிரியரானவர்கள், என்னைப் போல உடம்புக்கு முடியாமல் வந்து குணமாகித் தங்கிவிட்டவர்கள். இவை போக, கோவையில் யோகா சொல்லித் தந்த நானம்மாள் பாட்டி சின்ன வயதில் வீட்டிலேயே கற்றுக்கொண்டு, தொண்ணூற்றெட்டு வயதில் 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அது கொடுத்துவைத்த வழி, நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வாய்க்காது, விடுங்கள்.

உடற்கல்விக்காரர்களுக்கு விசிலும் எண்ணிக்கையும் கைவிட்டுப் போவதில்லை. "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணினால் ஆட்கள் மூச்சை மறந்து எண்ணிக்கையைத் துரத்துவார்கள். மன்றத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேச்சு வசம், அதனால் ஒரு மணி நேர வகுப்பில் இருபது நிமிடம் பேச்சே ஓடிவிடும். இவை இரண்டும் யாராவது நேரில் சொன்னால் திருந்திவிடக் கூடியவை.

எங்கள் கூட்டத்தின் தப்பு அப்படித் திருந்தாது, ஏனென்றால் அது நன்றியிலிருந்து வருகிறது. எனக்கு இடுப்பு வலி போனது புஜங்காசனத்தில், அதாவது குப்புறப் படுத்து மார்பைத் தூக்கிப் பின்னால் வளைவதில், என்பது என் எண்ணம். பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி இடுப்பு வலி என்று வந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கும் இப்படித்தான் ஆச்சி இருந்துச்சு, ஒரு மாசம் செய்யுங்க, பறந்துரும்" என்று புஜங்காசனத்தில் போட்டேன். இரண்டு வாரத்தில் கால் மரத்துப்போய், மகன் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். தண்டுவடம் போகும் கால்வாய் சுருங்கியிருக்கிறது என்றார்கள். அந்த மாதிரி இடுப்பு உள்ளவர்களுக்குப் பின்பக்கமாக வளைவதுதான் பெரும்பாலும் ஆகாது. முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கியவர்களுக்கு அநேகமாக இதற்கு நேர்மாறு, முன்னால் குனிந்தால் வலி ஏறும். பெயர் என்னவோ இரண்டுக்கும் இடுப்பு வலிதான். அந்த ஆச்சி என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வழியில் வந்தவர்களில் பெரிய பெயர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918இல், ஸ்பானிஷ் ஃப்ளூ பரவிய வருடத்தில் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒவ்வொன்றாக வாங்கி, அக்காள் வீட்டுக்காரரான யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் போய்ச் சேர்ந்தவர். 1937இல் புனேவுக்குச் சொல்லித் தரப் போகும்போது வயது இருபது கூட ஆகவில்லை. அவரும் "எனக்குச் சரியானது, நீயும் செய்" என்று நின்றிருக்கலாம். ஆனால் வருகிற உடம்பு ஒவ்வொன்றும் வேறு என்று பார்த்து, கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு என்று என்னென்னவோ கொண்டுவந்து ஆசனத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றினார். எண்பது வயது ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினாலும் அது யோகாதான் என்று எனக்குத் தைரியம் வந்தது அங்கிருந்துதான்.

கிருஷ்ணமாச்சாரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் மைசூரில் அவரிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள், அதனால் குதித்துக் குதித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வேகமான முறை. அதை எடுத்துப்போய்ப் பரப்பியவர் பட்டாபி ஜோயிஸ். பின்னால் சென்னைக்கு வந்த பிறகு அதே மனிதர் வருகிறவரின் வயது, நோய், வேலை எல்லாம் பார்த்துத் தனித்தனியாகக் கற்றுத் தந்தார், அந்த வழியை எடுத்துக்கொண்டவர் என்ஜினியர் வேலையை விட்டு வந்த அவர் மகன் தேசிகாச்சார். ஒரே குரு, இரண்டு காலம், இரண்டு விதமான மாணவர்கள். நீங்கள் கோர்ஸில் கற்றது யாருடைய உடம்புக்காக உண்டானது என்று தெரியாமல் அதைக் கொண்டுபோய் அறுபத்தெட்டு வயது ஆச்சியிடம் இறக்கினால் முட்டிதான் மாட்டும். செட்டிநாட்டில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வகுப்புக்கு வருவது பெரியவர்கள். கோர்ஸில் உங்கள் பக்கத்துப் பாயில் இருந்தவருக்கோ வயது இருபத்தைந்து.

சரி, வருகிறவரின் உடம்பை எப்படித் தெரிந்துகொள்வது? "ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் இல்லைத்தா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள், மாத்திரை டப்பாவே வெளியே வந்துவிடும். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, கூடவே கண்ணுக்குச் சொட்டு மருந்து. அந்தச் சொட்டு மருந்து கண் அழுத்தத்துக்காக என்றால் தலைகீழாக நிற்கிற எதுவும் கூடாது. தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் பழகிப் பத்து நாள் கழித்து ஒருவர் இதை என்னிடம் சொன்னார், எனக்கு வியர்த்துவிட்டது. பிரஷர், குடலிறக்கம், கர்ப்பம் என்றால் வயிற்றை வெட்டி வெட்டி மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். எலும்பு வலுவிழந்து மெலிந்தவர்களை மூக்கு முட்டியைத் தொட வேண்டும் என்று குனிய வைக்காதீர்கள், அதுவும் முதுகில் கை வைத்து அழுத்தவே அழுத்தாதீர்கள். எதற்குத் தொடுவதானாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்தால் திடீரென்று சர்க்கரை இறங்கலாம், அதற்காக என் பையில் எப்போதும் குளுக்கோஸ் கிடக்கும். அப்புறம், மாத்திரையை நிறுத்தலாம் என்று உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது. அது டாக்டர் வேலை.

சான்றிதழ் பற்றி ஒன்று. 200 மணி நேர கோர்ஸ் என்பது நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் இருபத்தைந்து நாள். யோகா அலையன்ஸ் என்று அதில் போட்டிருந்தால் அது அமெரிக்காவில் இருக்கும் ஓர் அமைப்பின் பதிவு, அரசு உரிமம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைப்பார்கள். எதை வாங்கினாலும் அது நீங்கள் படித்ததற்கான சாட்சி, அவ்வளவுதான். இருபத்தைந்து நாளில் தையல் கடையில் காஜா எடுக்கக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். நான் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டின வேகத்தில், கூட இன்னொரு வருடம் யாருக்காவது உதவியாளாக இருந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் செய்து காட்டுவது. நாள் முழுக்க வலது பக்கமே செய்து காட்டி என் வலது இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது, சொந்தப் பயிற்சியோ நின்றே போனது. வாயால் சொல்லப் பழகுங்கள், அதுவும் அவர்கள் பேசும் தமிழில். "இன்ஹேல், எக்ஸ்ஹேல்" என்று நான் சொல்லச் சொல்ல ஆச்சிகள் அது ஏதோ ஆசனத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காசு விஷயம். முதல் வருடம் வாங்கவில்லை, யோகாவுக்குக் காசா என்று ஒரு கூச்சம். பாதிப் பேர் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். கடைசியில் வீட்டு ஆச்சியே கூப்பிட்டுச் சொன்னார்கள்: "ஏத்தா, காசு வாங்காமச் சொல்லிக் குடுத்தா, நேத்து ஏன் வரலைன்னு நீ எப்படிக் கேப்ப?" மறுமாதமே நோட்டுப் போட்டு வரவு எழுதினேன், அதற்குப் பிறகு வருகை கூடியது.

வளவில் வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வீட்டில் எத்தனை புள்ளி (பங்குள்ள குடும்பம்) இருக்கிறார்களோ அத்தனை பேரிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சாவி வைத்திருப்பவர் சரி சொன்னால் போதும் என்று இருந்துவிட்டு, கலியாணத்துக்கு வந்த ஒரு பங்காளியிடம் நான் வாங்கின வாங்கு கொஞ்சமல்ல. அதோடு தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருக்கும், மலிவான யோகா பாய் அதில் வழுக்கும், ஜமுக்காளம் அதைவிட மோசம். அடியில் ரப்பர் பிடிப்புள்ள பாய் வாங்குங்கள், நின்று செய்யும் ஆசனத்தைத் தூண் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூண், பிடித்துக்கொள்ள அதைவிட நல்லது ஒன்றும் இல்லை.