கொடைக்கானலில் ஒரே நாளா? தூண் பாறையில் தொடங்குங்கள்

ஒரு நாள் சுற்றலுக்குக் கார் பேசும்போதே ஓட்டுநரிடம் வரிசையை மாற்றச் சொல்லிவிடுங்கள்: காலையில் முதலில் தூண் பாறை, அடுத்து மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக். ஏரியும் பிரையன்ட் பூங்காவும் மதியத்துக்கு மேல் போதும்.

வெயில் ஏற ஏற அடிவாரத்துச் சரிவுகள் சூடாகி, அங்குள்ள ஈரக்காற்று மலைமேல் எழும்பும். 2,000 மீட்டருக்கு மேல் வந்ததும் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். பத்து, பதினொரு மணிக்குள் பார்க்காவிட்டால், சுமார் 400 அடி உயரத் தூண்கள் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைத் திரைதான். அவ்வளவு தூரம் வந்து அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. ஏரிக்கு அந்தக் கவலையில்லை. பனி இறங்கினால் இன்னும் அழகு. படகுச் சவாரியை மட்டும் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. விடியலிலேயே மேகம் கவிந்திருக்கலாம், அப்போது இந்த வரிசையால் பலன் குறைவு. இருக்கைக்குக் கட்டணம் கட்டிப் போகும் வேன்களில் வரிசையை மாற்ற மாட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், காலை நேரம் அதற்கே போய்விடும். பேரிஜத்தையும் தூண் பாறையையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள்.