பல்வலிதானே என்று விட்டது

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான். அம்மாவுக்கு நான்கு நாளாகக் கடைவாய்ப்பல் வலி. கிராம்பை வைத்தே ஓட்டினார். ஞாயிறு இரவு தாடை வீங்கி கழுத்துவரை இறங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம் இ.சி.எச்.எஸ்.; அதன் மருத்துவ மையமான பாலிகிளினிக் ஞாயிறு பூட்டு. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அது இ.சி.எச்.எஸ். அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இல்லை.

அவசரத்துக்கு அது தடையில்லை. ஆனால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லவேண்டியது நம் பொறுப்பு. திங்கள் காலையிலேயே போய், கடிதமாகவே கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். வாயால் சொன்னதற்கு ஏது சாட்சி?

அப்படியும், செலவுப் பணம் கேட்டுக் கொடுத்த பில் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பல் பிடுங்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது; அதைப் படிப்பவருக்கு அது என்ன அவசரம்? நான் அவசரச் சான்றிதழும் வாங்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போனேன். தொற்று கழுத்துக்குப் பரவியது, மூச்சு அடைபடும் அபாயம், உடனே சீழ் எடுத்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார், பாவம், முகம் சுளிக்காமல்.

இரண்டாம் முறை பாஸாகிவிட்டது. சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டத்தின் ரேட்டுக்குத்தான் பணம், மீதி கைக்காசு. அம்மா இப்போது முறுக்கு கடிக்கிறார், மறுபக்கத்தால்.