பூட்டுக்கு எந்த எண்ணெய் விடலாம்?

சாவி இறுகியதும் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து இரண்டு சொட்டு விடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அன்றைக்குப் பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. வினை சில மாதம் கழித்து வரும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நாள்பட்டால் காறிப்போகும். காறிய எண்ணெயில் இருக்கும் அமிலம் பித்தளையை அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதால், ஊட்டியில் மார்கழிக் காலையில் சாவியே நுழையாது. நல்லெண்ணெய் இன்னும் மோசம். வாரக்கணக்கில் துலக்காத பூஜை விளக்கின் அடியில் விரலை வைத்தால் ஒட்டுமே ஒரு பிசுக்கு, அதேதான் பூட்டுக்குள்ளும் படியும்.

எதை விடுவது என்று முடிவு செய்யும்முன் உங்கள் பூட்டு எந்த வகை என்று பாருங்கள். சாவியின் பக்கவாட்டில் நீளமாகப் பள்ளக்கோடு ஓடி, ஓரம் ரம்பம்போல் மேடும் பள்ளமுமாக இருந்தால் அநேகமாக அது 'பின்' (pin) பூட்டு. பள்ளக்கோடு இல்லாத சாவி என்றால் பெரும்பாலும் லீவர் பூட்டு. பல பூட்டுகளில் '6 லீவர்', '7 லீவர்' என்று உடம்பிலேயே பொறித்திருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த லீவர் வகைக்குப் பேர்போனது.

பின் பூட்டுக்குள் சின்னச் சின்ன பித்தளைப் பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். பின்னுக்கும் அது ஏறி இறங்கும் துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். அங்கே பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் ஏறின பின் ஏறினபடியே நிற்கும், ஸ்பிரிங்கால் அதைக் கீழே தள்ள முடியாது. ஆகவே இதற்கு உலர்ந்த மசகுதான் சரி. டெஃப்லான் கலந்த, 'டிரை லூப்' என்று போட்ட ஸ்ப்ரேயைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள திரவம் சில நிமிடத்தில் ஆவியாகி, வழவழப்பான மெல்லிய படலம் மட்டும் தங்கும்.

கிராஃபைட் பொடியும் உலர்ந்ததுதான். வீட்டுக்குள் தொங்கும் புதுப் பூட்டுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் ஏற்கெனவே எண்ணெய் கண்ட பூட்டில் போட்டால் பொடி குழைந்து கருப்புச் சாந்தாகிவிடும். கடலோரத்தில் வேண்டவே வேண்டாம். உப்பு ஈரத்தில் கிராஃபைட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் சீக்கிரம் அரிக்கும். பென்சிலைச் சாவியில் தேய்ப்பது அவசரத்துக்குச் சரி. பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருப்பதால் அதையே பழக்கமாக்க வேண்டாம்.

லீவர் பூட்டின் கதை வேறு. அதற்குள் இருப்பவை தகடுகள், பல பூட்டுகளில் இரும்பாலானவை. அவற்றுக்கு வழுக்கலோடு துருத் தடுப்பும் தேவை. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். அது தண்ணீர்போல் மெலிந்த கனிம எண்ணெய் என்பதால் காறுவதில்லை, பிசினாக இறுகுவதும் இல்லை. கிரீஸ் சாவித் துவாரத்துக்கு ஆகாது. வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் ஆகாது, அதில் கரியும் உலோகத் துகளும் கிடக்கும்.

டபிள்யூடி-40 பற்றி ஒரு வார்த்தை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது அது. அழுக்கைக் கரைக்கவும் தண்ணீரை வெளியேற்றவும் அருமையானது. பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுவதால் மசகாக அதிக நாள் நிற்காது. அதைக் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கழுவிய பிறகு மசகு தனியாகப் போடுங்கள்.

எதைப் போட்டாலும் முதலில் சுத்தம். பூட்டைத் திறந்து, கழற்றி, வளையம் திறந்திருக்கும் நிலையிலேயே வேலை செய்யுங்கள். சாவித் துவாரம் கீழே பார்க்கப் பிடித்து மரப்பலகையில் லேசாகத் தட்டினால் மணல் உதிரும். சைக்கிள் பம்பால் நான்கைந்து முறை காற்றடியுங்கள். பிறகு டபிள்யூடி-40 ஸ்ப்ரேயின் குழாயைத் துவாரத்தில் நுழைத்து ஒன்றிரண்டு விநாடி அடித்து, சாவியைப் பத்து முறை விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடையுங்கள். முதலில் கன்னங்கரேலென்று வரும், பிறகு சாம்பல் நிறம், பழைய பித்தளைப் பூட்டென்றால் நடுவே பச்சைத் துணுக்கும் வரும். துணியில் கறை படுவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு செய்தித்தாள்மேல் துவாரம் கீழ்நோக்க ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

மறுநாள் டிரை லூப் என்றால் அரை விநாடி ஒரே அழுத்து, மிஷின் எண்ணெய் என்றால் மேலே சொன்ன சொட்டுக் கணக்கு. சாவியை விட்டு எடுத்து, ஐந்தாறு முறை திருப்புங்கள். வளையம் இறங்கும் இரண்டு துளையிலும் பூட்டுக்குப் போட்டதையே கொஞ்சம் விடுங்கள். இதைப் பலரும் மறக்கிறார்கள், மழைநீர் முதலில் இறங்குவதோ அங்கேதான். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஸ்ப்ரே தீப்பற்றும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி ஊர்களில் இன்னொரு படி உண்டு. பூட்டுக்குள் படிந்த உப்பு எண்ணெயிலும் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. நல்ல தண்ணீரில்தான் கரையும். குழாயடியில் நன்றாக அலசி, உதறி, டபிள்யூடி-40 அடித்துத் தண்ணீரை விரட்டி, காய்ந்த பின் மசகு போடுங்கள். வெளிக்கேட்டுப் பூட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் வெளிப்பூட்டுக்கு ஆறு மாதம், வீட்டுக்குள் வருஷம் ஒருமுறை போதும். மழைக்குப் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு கூடும். அடிப்பக்கம் திறந்த மறைப்பாக இருக்கட்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறவர்கள் பூட்டின் முதுகில் வையுங்கள், துவாரத்தில் அப்பினால் காய்ந்து கட்டியாகிவிடும்.

சாவி பாதியோடு நின்றால் உள்ளே அழுக்கு, கழுவினால் சரியாகும். முழுதாக நுழைந்து திரும்பியும் வளையம் எழும்பவில்லையா? வளையத்தை உள்ளே அழுத்தியபடி சாவியைத் திருப்புங்கள், கேட்டின் இழுவையோ துளையிலுள்ள துருவோ பிடித்திருக்கும். நகல் சாவி மட்டும் இறுகுகிறதென்றால் வெட்டிய ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் சாவி வெட்டியவரிடமே கொடுத்துச் சீவச் சொல்லுங்கள், அதற்கு எண்ணெய் வேலைக்காகாது. குறடு வைத்து மட்டும் திருப்பாதீர்கள், பித்தளைச் சாவி துவாரத்துக்குள்ளேயே முறிந்துவிடும். பாதி திருப்பிய நிலையில் சாவியை உருவ முடிகிற பின் பூட்டு உள்ளே தேய்ந்துபோனது. அதை வாசலிலிருந்து எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.