டிஜே மிக்ஸ் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜே ஒருவர் பல டிராக்குகளை இடைவெளியில்லாமல் கோத்துக் கொடுத்த இரண்டு மணி நேர மிக்ஸ் ஒன்றைத் திறப்பார்கள். முதல் மூன்று நிமிடம் வெறும் தாளம். "இன்னும் பாட்டே ஆரம்பிக்கலையே" என்று விரலால் இருபதாவது நிமிடத்துக்குத் தள்ளுவார்கள். அங்கேயும் தாளம். நாற்பதாவது நிமிடத்திலும் அதே கதை. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று மூடிவிடுவார்கள். புரோகிரசிவ் ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசை வகைகளைக் கேட்டுப் பார்க்க வந்த என் நண்பர்கள் பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போனார்கள்.

தள்ளித் தள்ளிக் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த இசையில் நடப்பது மெதுவான மாற்றம். ஒரு ஹை-ஹேட் (சிம்பல் ஒலி) உள்ளே வருகிறது, பேஸ் (அடியில் ஓடும் கனத்த ஒலி) ஒரு படி இறங்குகிறது, எங்கோ பின்னால் ஒரு சின்த் (மின்னணு இசைக்கருவி) மெல்லத் திறக்கிறது. முன்பு என்ன இருந்தது என்பது காதில் இருந்தால்தான் இப்போது என்ன மாறியது என்று தெரியும்.

பெரும்பாலான டிராக்குகளின் தொடக்கமும் முடிவும் வேண்டுமென்றே வெறுமையாக விடப்படுகின்றன. இன்னொரு டிராக்கோடு இணைப்பதற்கான இடம் அது. டிஜே முதலில் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவார். பிறகு ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரில், போய்க்கொண்டிருக்கும் டிராக்கின் பேஸைக் குறைத்துவிட்டு, வரும் டிராக்கின் பேஸை ஏற்றுவார். புரோகிரசிவ் ஹவுஸில் இது சர்வசாதாரணமாக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நீளும். நிமிடத்துக்கு 124 தாள அடி விழும் டிராக்கில் 32 பார் என்பது, ஒரு பாருக்கு நான்கு அடி வீதம், 128 அடி, அதாவது ஏறக்குறைய 62 விநாடி. அந்த 62 விநாடிக்குள் இரண்டு டிராக்குகள் சேர்ந்து, இரண்டிலும் தனியாக இல்லாத மூன்றாவது ஒன்று பிறக்கிறது. மிக்ஸ் கேட்பதே அதற்காகத்தான். தள்ளிவிடுபவர் தவறவிடுவதும் அதைத்தான்.

இதை நன்றாகக் காட்டும் ஒரு தொகுப்பு, சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரண்டு டிஜேக்கள் 1996-இல் வெளியிட்ட நார்தர்ன் எக்ஸ்போஷர். நான் அதை முதலில் கேட்டது, வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் போட்டு. குறுந்தகடாக வந்த மிக்ஸ்களில் இசை ஒரே ஓட்டமாக இருந்தாலும் தடங்கள் தனித்தனியாகப் பிரித்திருக்கும். ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு தடமும் பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். வரிசையாக, விளக்கை அணைத்துவிட்டு மறுபடி கேட்ட இரவில்தான் அது ஒரே பயணம் என்று புரிந்தது. ஷஃபிளை மட்டும் நிறுத்தினால் போதாது. செயலியில், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். டிஜே ஏற்கெனவே கலந்து வைத்ததன் மேல் செயலி தன் பங்குக்கு இன்னொரு முறை கலந்தால் தாளம் தடுமாறும்.

அடுத்தது, கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பது. தாளத்தின் கனத்த அடியான கிக் டிரம்மின் உயிர் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பேஸ் மாறும் கணம்தான் மிக்ஸின் திருப்பம் என்னும்போது, பேஸே கேட்காத கருவியில் என்ன கேட்பது? சுமாரான இயர்போன் இருந்தாலே போதும், காதில் சரியாகப் பொருந்தி உட்கார வேண்டும். அது தளர்ந்தாலே பாதி பேஸ் போய்விடும்.

பெயரை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெரிய திருவிழா மேடைகளுக்கான, நிமிடத்துக்கு நிமிடம் உச்சத்துக்குப் போகும் இசைக்கும் புரோகிரசிவ் ஹவுஸ் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான புரோகிரசிவ் ஹவுஸ் வேறு. தேடும்போது பெயரை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள்: டிக்வீட், நிக் வாரன், எர்னான் கட்டானியோ, கை ஜே.

இதே காதோடு டெக்னோவுக்குப் போவதும் தவறுதான். டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் வாசித்து, அடுத்த ஆண்டு குறுந்தகடாக வந்த மிக்ஸைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் 30-க்கும் மேற்பட்ட டிராக்குகள், மூன்று டர்ன்டேபிள்கள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகள்). ஒரு டிராக்கைப் போடுகிறார், தேவையான துண்டை எடுத்துக்கொள்கிறார், தூக்கிவிடுகிறார். இதில் மெல்லிசையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கைவேகத்தையும் அழுத்தத்தையும் கேட்க வேண்டும். இன்னொரு டெக்னோ டிஜே ரிச்சி ஹாடின் 2001-இல் டிஈ9 தொகுப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், 100-க்கும் மேற்பட்ட டிராக்குகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தார். அங்கே "இது எந்த டிராக்" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை.

அந்தக் கேள்வியையே கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பேன். முதல் முறை கேட்கும்போதே டிராக் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டால் காது வேலை செய்யாது, கண்தான் செய்யும். பிடித்த இடத்தின் நிமிடத்தை மட்டும் குறித்து வைத்துவிட்டு, முழுதும் முடிந்த பிறகு பெயரைத் தேடுங்கள்.

இன்னொன்று, கேட்கும் செட், அதாவது டிஜே ஒருவர் ஓர் இரவில் தொடர்ந்து வாசிக்கும் பகுதி, எந்த நேரத்துக்கானது என்று பார்க்காமல் மதிப்பிடுவது. இரவு பதினொரு மணிக்குக் கூட்டம் வந்துகொண்டிருக்கும்போது வாசிப்பதும், மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்திருக்கும்போது வாசிப்பதும் வெவ்வேறு கலை. கூட்டத்தைத் தயார்ப்படுத்தும் வார்ம்-அப் செட்டில் "இன்னும் சூடு பிடிக்கலையே" என்று குறை சொன்னால், சூட்டை அடக்கி வைத்திருப்பதுதான் அவர் வேலை என்பதை மறந்துவிடுகிறோம். 1990-களில் புவெனஸ் அயர்ஸின் பாச்சா கிளப்பில், வெளிநாட்டிலிருந்து வந்த டிஜேக்கள் மேடையேறும் முன் வாசித்துத்தான் கட்டானியோ பெயர் எடுத்தார். அவருடைய நீண்ட செட்களில் முதல் ஒரு மணி நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சமையல் செய்யும்போதும் எழுதும்போதும் அதைத்தான் ஓடவிடுகிறேன்.

கடைசியாக ஒலி அளவு. கிளப்பின் அதிர்வை இயர்போனில் கொண்டுவர முயன்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். நெஞ்சில் விழும் அந்த அடி பெரிய ஸ்பீக்கரிலிருந்து வருவது, காதுக்குள் எவ்வளவு ஏற்றினாலும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலுக்குப் போனால் நான்கே மணி நேரம். பிபிசி வானொலியின் எசென்ஷியல் மிக்ஸ் நிகழ்ச்சி 1993-இலிருந்து வாரந்தோறும் இரண்டு மணி நேரம் வருகிறது. 90-இல் வைத்தால் அதில் இரண்டு கேட்டதுமே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். 80-இல் வைத்தால் இருபது கேட்கலாம்.